சால மரம் இல்லாமல் ருக்டா இல்லை

ருக்டா என்ற காட்டுக் காளானைப் பண்ணையில் வளர்த்தால் என்ன என்று கேட்கிறார்கள். இன்றைக்கு வரை அதை யாரும் விவசாயமாகச் செய்யவில்லை, அதற்கான காரணம் தெரிந்தால் சால மரக் காட்டை வெட்டிவிட்டு வேறு எங்கோ மரம் நடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பதும் தெரிந்துவிடும்.

ஜார்க்கண்டில் ருக்டா, பஸ்தரில் போடா, சத்தீஸ்கரின் வேறு சில பக்கங்களில் புட்டு. குடையும் காம்பும் இல்லாமல் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, மண் அப்பிக்கொண்டு, பருவமழை தொடங்கும்போது சால மரத்தடியில் கிடைக்கும் காட்டுக் காளான். சிப்பிக் காளான் வைக்கோலிலேயே வளர்ந்துவிடும், அதற்குச் செத்த பொருள் போதும். ருக்டாவுக்கு உயிருள்ள மரம் வேண்டும். சாலத்தின் நுனிவேர்களை அந்தப் பூஞ்சை போர்த்திக்கொள்கிறது. வேர் எட்டாத இடத்திலிருந்து நீரையும் பாஸ்பரஸையும் இழுத்துக் கொடுத்து, மரம் இலையில் செய்த சர்க்கரையில் பங்கு வாங்கிக்கொள்கிறது. தேக்கு வேரோடு சேரும் பூஞ்சை வேறு வகை, அது காளானே விடாது.

மண்ணில் லேசாக வெடிப்பு தெரிகிற இடத்தைப் பார்த்துக் குச்சியால் கிளறி எடுப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். உள்ளே வெள்ளையாக இருக்கும்போதே சமைத்துவிட வேண்டும், முற்றினால் கறுத்துப் பொடியாகிவிடும். மண் போகப் பல தண்ணீரில் அலசி, வெங்காயம் பூண்டு மசாலா போட்டு ஆட்டுக்கறி மாதிரியே குழம்பு வைக்கிறார்கள். கடித்தால் மேல்தோல் நறுக்கென்று இருக்கும், உள்ளே குழைவாக இருக்கும். வட இந்தியாவில் பலர் விரதம் இருக்கும் மழைக்கால மாதமான சாவனில் கறி தொடாத வீடுகளிலும் இது உண்டு, அதனால் பருவத் தொடக்கத்தில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போகிறது. நடவுச் செலவும் உரச் செலவும் இல்லாமல் அந்தப் பெண்கள் கைக்கு நேராக வருகிற காசு அது. (இதே உருவத்தில் விஷக் காளானும் உண்டு. பழகியவர்கள் கையால் எடுத்ததை மட்டும் வாங்குங்கள்.)

இப்படிப்பட்ட காட்டைத்தான் 1970களில், அப்போது பீகாரில் இருந்த, இன்றைய ஜார்க்கண்டின் சிங்பூமில் அழித்துத் தேக்கு நடத் தொடங்கினார்கள். 1978இல் ஆதிவாசிகள் திரண்டு தேக்குக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்தார்கள். சால் என்றால் ஜார்க்கண்ட், தேக்கு என்றால் பீகார் என்பது அந்தப் போராட்டத்தின் முழக்கம். 1980 செப்டம்பரில் அதே சிங்பூமின் குவா என்ற ஊரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போனது. பஸ்தரிலும் உலக வங்கி உதவியோடு சாலத்தை எடுத்துவிட்டு பைன் நடத் திட்டம் போட்டு, கடும் எதிர்ப்புக்குப் பிறகு கைவிட்டார்கள். நீலகிரியில் புல்வெளிகளை வெளிநாட்டு மரங்களான வாட்டிலும் யூகலிப்டஸும் மூடிய கதை நமக்குத் தெரியும், அதனால் அந்த மக்களின் கோபம் நமக்குப் புரியாமல் இருக்க வழியில்லை.

அந்தப் புத்தி இன்னும் மாறவில்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் அது வனப்பரப்பு, என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. யூகலிப்டஸ் தோட்டமும் மாந்தோப்பும்கூட அதில் சேரும். ஆக, சத்தீஸ்கரின் ஹஸ்தேவில் நிலக்கரிக்காகச் சாலக் காட்டை வெட்டி, ஈடாக வேறு மாவட்டத்தில் கன்று நட்டுவிட்டால் காகிதத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. சாலமே நடுகிறோம் என்றாலும் லேசில்லை: விதை ஒரு வாரம் பத்து நாளில் முளைப்புத் திறனை இழந்துவிடும், மரம் மெதுவாக வளரும், அந்தப் பூஞ்சையும் வேரில் வந்து சேர வேண்டும். அதுவரை மழைக்காலத்தில் ருக்டா விற்றுக் குடும்பம் நடத்தியவள் என்ன செய்வாள்?

வெட்டப்படும் மரத்துக்கு விலை போடுகிறவர்கள் அதன் அடியில் வருஷா வருஷம் கிடைத்த காளானுக்கும் போடட்டும். அந்தக் கணக்கைக் கிராம சபையில், கூடை எடுத்துக் காட்டுக்குப் போகிற பெண்களைக் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் கோடரியைக் கீழே வைக்க வேண்டும்.