கட்டுப்பாட்டாளர் ஒருவரின் தவறு மட்டுமா?

ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் வானில் மோதியதில் "71 பேர் இறந்தது ஒரே ஒரு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் கவனக்குறைவால்" என்று சொல்வது பாதி உண்மை. 2002 ஜூலை 1 இரவு, சுவிட்சர்லாந்தின் சூரிக் கட்டுப்பாட்டு மையத்தில் அவர் தனியாளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக ஊழியர் ஓய்வறையில். இரவில் ஒருவரே பணியில் இருக்கும் இந்த வழக்கத்தை நிர்வாகம் நெடுநாளாகக் கண்டுகொள்ளவே இல்லை. பராமரிப்புப் பணிக்காக முதன்மைத் தொலைபேசியை நிறுத்தியிருந்தார்கள், மாற்று இணைப்பும் பழுது. ஆபத்தைக் கண்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையம் அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை.

அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொல்லத் தாமதித்தது பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே நேரத்தில் அந்த விமானத்திலிருந்த மோதல் தடுப்புக் கருவி 'ஏறு' என்றது. விமானிகளோ இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 2007இல் சுவிஸ் நீதிமன்றம் தண்டித்தது சூரிக் மையத்தை நடத்திய நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரை.