முதல் பாகத்தின் முதல் 5 மணித்தியாலம்

பெரிய ஃபான்டசி (மாய உலகக் கதை) நாவல் தொடர் ஒன்றை ஓடியோபுக்காக, அதாவது ஒலிநூலாகக் கேட்கத் தொடங்கி, முதல் பாகத்தின் கால்வாசியிலேயே கைவிட்டவர்கள் எங்கட பக்கம் நிறையப் பேர். ஏன் விட்டனீங்கள் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "இங்கிலீஷ் விளங்கேல்லை." எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கிலச் செய்தியும் கிரிக்கெட் வர்ணனையும் யூடியூபில் ஒரு மணித்தியால விளக்கமும் கேட்டு விளங்குகிறவருக்கு இதில் மட்டும் தலை சுற்றுகிறதென்றால் பிழை மொழியில் இல்லை, கேட்கத் தொடங்கிய விதத்தில்.

நான் சொல்வது இதுதான். முதல் பாகத்தின் முதல் 5 மணித்தியாலத்தை வேறு வேலை ஒன்றும் செய்யாமல் இருந்து கேளுங்கள். மிச்சத்தை வயலிலும் பஸ்ஸிலும் அடுப்படியிலும் எப்படியும் கேட்கலாம். எங்கட ஆட்கள் இதை மாறிச் செய்கிறார்கள். தொடக்கத்தை மோட்டார் சைக்கிளில் போகும்போது போட்டுவிட்டு, ஒன்றும் பிடிபடவில்லை என்ற பிறகு இரவில் பாயில் கிடந்து நடுப்பகுதியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

தொடக்கம் ஏன் இவ்வளவு கரைச்சல்? கூத்தில் ஒரு பாத்திரம் வந்தால் வரவுப் பாட்டு இருக்கும். தான் ஆர், எந்த ஊர், என்ன அலுவலாக வந்தது என்று அவரே பாடி ஆடிச் சொல்லிவிடுவார். பிந்தி வந்து குந்துகிறவருக்கும் ஆளைத் தெரியும். இந்த நாவல்களில் வரவு இல்லை. பத்துப் பதினைந்து பேர் கதைத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள். புத்தகமென்றால் கண் இரண்டு பக்கம் பின்னுக்குப் போய்ப் பெயரைத் தேடும், வரைபடத்தைப் புரட்டும். காதால் அப்படித் திரும்பிப் பார்க்க முடியாது.

ஒரு உதாரணம். 'எ கேம் ஒஃப் த்ரோன்ஸ்' (1996) முன்னுரையில் மூன்று காவல்வீரர்கள் காட்டுக்குள் போகிறார்கள். அவர்களில் வயதானவன் கேரெட். தன் முக்காட்டை விலக்கி, குளிரில் கருகிப்போன காதுகளின் அடிக்கட்டையைக் காட்டுகிறான். முன்னுரை முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் வேறு ஊர், வேறு ஆட்கள். படையை விட்டு ஓடிவந்த ஒருவனுக்குத் தலை வெட்டப்படுகிறது. அந்த இடத்தில் அவனுடைய பெயர் சொல்லப்படுவதில்லை. குளிரில் இரண்டு காதும் ஒரு விரலும் போனவன் என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். அந்த நேரம் பஸ் கொண்டக்டரிடம் மிச்சக்காசு வாங்கிக்கொண்டிருந்தீர்களென்றால் முன்னுரையும் முதல் அத்தியாயமும் உங்களுக்கு ஒட்டவே ஒட்டாது. பிறகு ரொப், ரொபர்ட் என்று காதுக்கு ஒரேமாதிரி இரண்டு பேர், ஜோன் ஸ்நோ, ஜோன் அரின் என்று இன்னும் இரண்டு பேர். எடார்டை ஆட்கள் நெட் என்றும் கூப்பிடுவார்கள். இதில் குழம்பாதவர் இருந்தால் அவர் தொலைக்காட்சித் தொடரை முன்னமே பார்த்தவராக இருக்கவேண்டும்.

அந்த நூலில் கேட்பவருக்கு ஒரு வசதியும் உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பு, அது எவருடைய பார்வையில் நடக்கிறதோ அவருடைய பெயர்தான். முன்னுரையையும் சேர்த்து 73 அத்தியாயம், முன்னுரை நீங்கலாகப் பார்வைப் பாத்திரங்கள் 8 பேர். வாசிப்பவர் "பிரான்" என்றோ "கேட்லின்" என்றோ சொன்னதும் நிறுத்துங்கள். இவரைக் கடைசியாக எங்கே விட்டோம் என்று யோசித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பத்து விநாடி போதும்.

'த வே ஒஃப் கிங்ஸ்' (2010) இதைவிட வில்லங்கம். முதலில் 4500 வருடத்துக்கு முந்திய ஒரு காட்சி, பிறகு ஒரு கொலைகாரனின் பார்வையில் முன்னுரை, அதன்பிறகு முதல் அத்தியாயத்தில் ஒரு புதுப் படைவீரப் பொடியன். இவ்வளவும் முடிந்து இரண்டாம் அத்தியாயத்தில்தான் நாயகன் கலடினின் பார்வை நிலைக்கிறது. போதாக்குறைக்கு முதல் பகுதியின் அத்தியாயத் தலைப்புகளில் சாகிறவர்களின் கடைசி வார்த்தைகள் மேற்கோளாக வரும். தாளில் அது சாய்வெழுத்தில் தனியாகத் தெரியும். ஒலியில் அதே குரல், அதே வேகம், கதையே தொடங்கிவிட்டதென்று நினைப்பீர்கள். மொத்தம் 45 மணித்தியாலத்துக்கு மேல். நல்ல கதைதான், ஆனால் முதன்முதலாகக் கேட்கப்போகிறவருக்கு இதைக் கையில் கொடுப்பவரோடு நான் சண்டைக்கே போவேன். 'கார்டன்ஸ் ஒஃப் த மூன்' (1999) பற்றிக் கேட்கவே வேண்டாம். நடுக்கதையில் தூக்கிப் போட்டுவிட்டு நீந்து என்கிற நூல் அது.

ஆகவே புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், எத்தனை பேர் பார்வையில் கதை போகிறது என்று பாருங்கள். ராபின் ஹொப்பின் 'அசாசின்ஸ் அப்ரென்டிஸ்' (1995) ஒரே ஆள் 'நான்' என்று சொல்லும் கதை, ஏறத்தாழ 17 மணித்தியாலம். அரச குடும்பத்தார் பெயரெல்லாம் ஷ்ரூட், சிவல்ரி, வெரிட்டி, ரீகல் என்று சாதாரண ஆங்கிலச் சொற்கள், காதில் நிற்கும். தொடங்குவதற்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அடுத்ததாக 'வீல் ஒஃப் டைம்' தொடரின் முதல் பாகமான 'த ஐ ஒஃப் த வேர்ல்ட்' (1990). முதல் பெரும்பகுதி ராண்ட் என்ற ஒரு பொடியனின் பின்னாலேயே போகிறது, ஆகவே ஆள் தொலைவதில்லை. மைக்கல் கிரேமரும் கேட் ரீடிங்கும் வாசித்த பதிப்பு கிட்டத்தட்ட 30 மணித்தியாலம். ஆண்களின் பார்வை அவருக்கு, பெண்களின் பார்வை அவவுக்கு. குரல் மாறினாலே பார்வை மாறிவிட்டதென்று தெரிந்துவிடும். ரொசமண்ட் பைக் தனியாக வாசித்த 2021 பதிப்பும் இருக்கிறது, அது கொஞ்சம் நீளம், நடிப்புக் கூட.

வாசிப்பவர்தான் பாதிப் புத்தகம். 'எ கேம் ஒஃப் த்ரோன்ஸ்' வாசித்த ரோய் டொட்ரிஸ் அந்த ஒரே நூலில் 224 பாத்திரக் குரல் கொடுத்து கின்னஸில் இடம்பிடித்தவர். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பிந்திய பாகங்களில் சிலரின் குரலும் பெயர் உச்சரிப்பும் மாறிப்போனது கேட்பவர்களின் பழைய முறைப்பாடு. எனக்கு ஸ்டீவன் பேஸி என்ற வாசிப்பாளர்தான் மேல். 'த பிளேட் இட்செல்ஃப்' (2006) நூலில் குளொக்டா என்று பல் உடைந்த விசாரணையாளன் வருவான். வாய்விட்டுக் கதைக்கும்போது அவனுக்கு நாக்குத் தடக்கும், மனதுக்குள் நினைக்கும்போது பேச்சுத் தெளிவாக இருக்கும். பேஸி இரண்டையும் பிரித்தே வாசிக்கிறார். எது பேச்சு, எது நினைப்பு என்று சாய்வெழுத்து இல்லாமலே விளங்குகிறது. ஆரை எடுத்தாலும் 5 நிமிட மாதிரியைக் கேட்டுவிட்டு எடுங்கள். அதில் உரையாடல் இருக்கவேண்டும், வெறும் வர்ணனையில் ஆளை எடைபோட முடியாது.

இனிக் கருவி விஷயம். 64 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 29 எம்பி, 30 மணித்தியால நூல் 865 எம்பி அளவில் வரும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். 128 எடுத்தால் இடம்தான் இரட்டிக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. சிக்னல் ஒழுங்காக உள்ள இடத்தில் முழுதாக இறக்கி வைத்துவிடுங்கள். ஏ9 றோட்டை விட்டு உள்ளே போனால் ஓடியபடி கேட்பது சரிவராது, அத்தியாயத்தின் நடுவில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

கோப்புகளாக வைத்திருப்பவர்கள் சாதாரணப் பாட்டுப் பிளேயரில் போடாதீர்கள். 1, 10, 11, 2 என்று எழுத்து வரிசைப்படி ஓடும், ஷஃபிள் தட்டுப்பட்டால் அதோடு சரி. கோப்புப் பெயரை 001, 002 என்று மாற்றுங்கள். விட்ட இடத்தை நூல்வாரியாக ஞாபகம் வைக்கும் ஓடியோபுக் செயலி ஒன்றைப் போடுங்கள். போன் அமைப்பில் அந்தச் செயலிக்குப் பற்றறிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் போனே அதை மூடிவிடும். படுத்துக்கொண்டு கேட்பவர்கள் ஸ்லீப் டைமரை 15 நிமிடத்துக்கு வைக்கவேண்டும். நித்திரையில் ஓடிய மூன்று மணித்தியாலத்துக்குள் கேட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பது, கிணற்றில் விழுந்த தோட்டைத் தேடுகிற வேலை.

யூடியூபில் யாரோ ஏற்றி வைத்ததைக் கேட்காதீர்கள். திருட்டு என்பது ஒரு பக்கம். பிடிபடாமலிருக்கக் குரலின் சுருதியையும் வேகத்தையும் மாற்றியிருப்பார்கள், அத்தியாயம் விடுபட்டிருக்கும், இப்போது பாதி இயந்திரக் குரல் வேறு. லிப்ரிவொக்ஸ் என்ற ஒலிநூல் இணையத்தளத்தில் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைப்பவை பதிப்புரிமை முடிந்த பழைய நூல்கள். ஆனால் இலவசம் என்பதற்காக வில்லியம் மொரிஸின் 1896 ஆம் ஆண்டு நாவலில் தொடங்கிவிடாதீர்கள், அந்த ஆங்கிலம் பழையதாகக் காட்டவென்றே எழுதப்பட்டது.

எங்கே கேட்கலாம்? கச்சான் உடைக்கும்போது, களை பிடுங்கும்போது, கிளிநொச்சியிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் எல்லாம் தாராளமாகக் கேட்கலாம். லாண்ட்மாஸ்டர் ஓட்டும்போதும் தண்ணி பம்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். இந்த வாசிப்பாளர்கள் ரகசியத்தை ரகசியமாகவே வாசிப்பார்கள். டீசல் இரைச்சல் அதை விழுங்கிவிடும், சத்தத்தைக் கூட்டினால் அடுத்த வரியில் ஒருவர் கத்துவார், காதுதான் பழுதாகும். மோட்டார் சைக்கிளிலும் வேண்டாம், ஏனென்று சொல்லத் தேவையில்லை. இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். யானை மணி அடித்துக்கொண்டு வருவதில்லை, பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம்தான் முதல் அறிவித்தல். ஒரு காதால் கேட்பதென்றால் போனின் அணுகல் அமைப்புக்குள் போய் 'மோனோ' என்பதைப் போடவேண்டும். பல நடிகர்கள் சேர்ந்து நாடகமாகச் செய்த பதிப்புகளில் ஒரு பாத்திரம் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் கதைக்கும். மோனோ இல்லாவிட்டால் சண்டையில் ஒரு ஆளின் வசனம் மட்டும்தான் வரும்.

அந்த முதல் 5 மணித்தியாலத்துக்குக் கொப்பியில் ஒரு தாள் போதும். ஒரு பெயர் மூன்றாம் முறை வந்தால் எழுதுங்கள், அதற்கு முதல் வேண்டாம், வருகிறவர் போகிறவரெல்லாம் நிரம்பிவிடுவார்கள். காதில் விழுந்தபடி தமிழிலேயே எழுதுங்கள், 'த ஐ ஒஃப் த வேர்ல்ட்' என்றால்: நைநீவ், எக்வேன், மொய்ரேன். பக்கத்தில் ஆருடைய ஆள், எந்த ஊர், அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்கூட்டு தேடி கூகுளுக்குப் போகாதீர்கள். பெயரை அரைவாசி அடிக்கும்போதே அந்த ஆள் எப்படிச் சாகிறார் என்று தேடல் பெட்டி தானாகக் காட்டும். வரைபடம் வேண்டுமென்றால் முதல் பாகத்தில் அச்சான வரைபடத்தை மட்டும் எடுத்துப் போனில் வையுங்கள்.

வேகம்: அந்த 5 மணித்தியாலமும் 1.0. குறைத்து 0.75 இல் வைத்தால் விளங்கும் என்பது வெறும் நினைப்பு, சொற்கள் இழுபட்டு வசனத்தின் ஏற்ற இறக்கம் கெட்டுப்போகும். வேகத்தைக் குறைக்கிறதைவிட அத்தியாயத்தை இரண்டு தரம் கேட்கிறது மேல். ஆட்கள் பிடிபட்ட பிறகு 1.25 க்குக் கூட்டலாம், 30 மணித்தியாலம் 24 ஆகிவிடும். கிரேமர் ஆறுதலாக வாசிப்பவர், அவருக்கு அது பொருந்தும். ஸ்டீவன் பேஸியை வேகம் கூட்டிக் கேட்டால் அந்த நடிப்பு வீண்.

தமிழில் காதைப் பழக்க விரும்புகிறவர்கள் 'பொன்னியின் செல்வன்' கேட்கட்டும். ஃபான்டசி இல்லைத்தான். ஆனால் ஐந்து பாகம், நூற்றுக்கணக்கான அத்தியாயம், எண்ணில்லாத ஆட்கள். பம்பாய் கண்ணன் குழுவினர் செய்த ஒலிநூல் இருக்கிறது. கல்கி வாரப் பத்திரிகைக்கு எழுதியவர், போன கிழமை படித்ததை மறந்திருப்பார்கள் என்று தெரிந்து எழுதியவர். ஆளை அறிமுகம் செய்வார், பழையதை ஞாபகப்படுத்துவார், வந்தியத்தேவன் என்ற ஒருவனின் குதிரைக்குப் பின்னாலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போவார். 'புது வெள்ளம்' முழுவதும் கேட்டு முடித்தவருக்கு ஹொப் பெரிய பாரமாக இராது.

இரண்டாம் பாகத்தை உடனே தொடங்குகிறவருக்குப் பிரச்சினை இல்லை. வெட்டு, சூடடிப்பு என்று இடையில் இரண்டு மூன்று மாதம் விடுகிறவர்கள், முதல் பாகத்தின் கடைசி ஒரு மணித்தியாலத்தை அந்தப் பெயர்த்தாளோடு ஒருக்கால் திரும்பக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தாளை எறிந்துவிடாதீர்கள். 'வீல் ஒஃப் டைம்' வரிசையில் இன்னும் 13 பாகம் இருக்கிறது, முதல் பாகத்தில் ஒரு வரியில் வந்து போனவர்கள் அதில் திரும்ப வருவார்கள்.