அலசினால் மட்டும் போதாது

3D அச்சில் ரெசினால் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின்) செய்த பாகத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, புற ஊதா விளக்கில் காட்டினால் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களோடு வைத்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதிக் கதைதான். தொட்டால் பிசுபிசுப்பே இருக்காது. ஆனால் உள்ளே இறுகாமல் தங்கிய மோனோமர் (ரெசினின் மூல வேதிப்பொருள்) 37 டிகிரி வளர்ப்பு ஊடகத்தில், அதாவது செல்கள் வளரும் சத்துத் திரவத்தில், மெல்லக் கசியும். எங்கள் முதல் பாகத்தைச் சுற்றியிருந்த செல்கள் மறுநாளே உருண்டு திரண்டு, அடித்தளத்தை விட்டு மிதந்தன. அப்புறம் எத்தனாலில் ஊறவைத்து, பிறகு கிருமி நீக்கிய நீரைத் தினமும் மாற்றிச் சில நாள் வைத்தோம். மறுபக்கம் திறக்காத துளைகளில்தான் ரெசின் ஒளிந்திருக்கும், அங்கே சிரிஞ்சால் பீய்ச்சுங்கள். ஆட்டோகிளேவா (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி)? 121 டிகிரியில் பல ரெசின்கள் வளைந்துவிடும். முதலில் பாகம் 24 மணி நேரம் ஊறிய ஊடகத்தை மட்டும் செல்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்; ஒப்பிட, பாகமே படாத ஊடகத்தில் செல்கள் வளரும் ஒரு கிண்ணமும் பக்கத்தில் இருக்கட்டும்.