கோஹாவுக்கு நாம் வைக்க வேண்டிய மொய்

"எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள்தானே, எடுத்து ஒட்டவைக்கவா இத்தனை மாதம்?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். ஒரு கல்லூரி நூலகத்துக்கு நாங்கள் இணையவாசல் அமைத்து முடித்திருந்த நேரம் அது. கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த நினைப்பு நம் ஊரில் நல்ல வேலைகளைக் கெடுக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

புத்தகப் பட்டியலுக்கும் இரவல் கணக்குக்கும் கோஹா. ஆய்வேடுகளையும் பழைய ஆண்டு மலர்களையும் சேமிக்க டிஸ்பேஸ். பாடங்களுக்கு மூடுல். மூன்றும் மூன்று நிரல்மொழி: முதலாவது பெர்லில் எழுதியது, இரண்டாவது ஜாவா, மூன்றாவது பிஎச்பி. கோஹா மரியாடிபி என்ற தரவுத்தளத்தோடு ஓடும். டிஸ்பேஸுக்குப் போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளம் வேண்டும். தனித்தனியாக நிறுவுவது பெரிய காரியமில்லை. ஆனால் மாணவருக்கு அப்போது மூன்று முகவரி, மூன்று கடவுச்சொல், மூன்று தேடல் பெட்டி. அதை ஒரே வாசலாக்குவதுதான் வேலை. மூன்று கையேடுகளையும் படித்தாலும் அந்த வேலை அவற்றில் முழுதாக இருக்காது.

கடவுச்சொல் பிரச்சினை சீக்கிரம் தீர்ந்தது. ஒரே கடவுச்சொல்லில் எல்லாவற்றுக்குள்ளும் நுழையவிடும் கீகிளோக் என்ற மென்பொருளை நடுவில் வைத்தோம். ஓபன்ஐடி கனெக்ட் என்ற பொது நெறிமுறை மூன்றுக்கும் தெரியும்.

தேடல்தான் எங்களை உட்காரவைத்தது. அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழக நூலகத்தில் பிறந்த வியூஃபைண்ட் என்ற தேடல் மென்பொருளை எடுத்துக்கொண்டோம். அதுவே ஒரு கூட்டு மென்பொருள்: உள்ளே தேடுவது சோலர், நூல் பதிவுகளைப் படித்துக் கொடுப்பது சோலர்மார்க். டிஸ்பேஸிலிருந்து பதிவுகளை ஓஏஐ-பிஎம்எச் என்ற பொது நெறிமுறை வழியாக அள்ளிக்கொள்ளும். 2002-இல் வந்த அந்த நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு இன்றும் அப்படியே வேலை செய்கிறது. பொது நெறிமுறைகளை மதிக்கும் திட்டங்களாகப் பார்த்து எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அள்ளி முடித்துப் பார்த்தால், பக்கவாட்டு ஆசிரியர் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை நின்றது. 'கோ'வில் தொடங்கும் பெயர். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு பதிவில் 'ோ' ஒரே குறியீடு. இன்னொன்றில் இரட்டைக் கொம்பு தனி, கால் தனி. எழுத்துக்களுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோட் தரம் இரண்டையும் சமம் என்கிறது. ஆனால் நிரல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் அவை வேறு வேறு ஆள்.

எல்லாவற்றையும் ஒரே குறியீட்டு வடிவத்துக்கு மாற்றும் இயல்பாக்கத்தில் அது சரியானது. சரியாகாதவை நாம் பார்வையால் தட்டச்சிட்ட பிழைகள்: காலுக்குப் பதில் 'ர', 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும். 'ஒள' வருமிடமெல்லாம் 'ஔ' என்று மாற்றிவிடலாம் என்று நினைத்தோம். அப்படிச் செய்தால் ஔவை பிழைப்பார், 'ஒளி' செத்துப்போகும். கடைசியில் நூலகர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து சொற்பட்டியல் போட்டுக் கொடுத்தார். இந்த இணையவாசலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அவர் போட்ட அந்தப் பட்டியல்தான்.

இதையெல்லாம் பதிவுகள் உள்ளே வரும் வழியில் ஒரு தனி நிரலாக வைத்தோம். எந்தத் திட்டத்தின் மூல நிரலிலும் கை வைக்கவில்லை. இதில் நான் பிடிவாதக்காரன். முன்பு வேறோர் இடத்தில், ஒப்பந்தம் எடுத்தவர்கள் மூடுலின் மூலக் கோப்புகளையே திருத்திக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். புதுப்பித்தால் திருத்தம் எல்லாம் போய்விடும். புதுப்பிக்காவிட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே கிடக்கும். இரண்டு வருடம் அந்தச் சர்வரை நாங்கள் பயந்து பயந்து ஓட்டினோம். மூடுலிலேயே செருகுநிரல் எழுத முறையான வழி இருக்கிறது. அதில் செய்திருந்தால் அந்த இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

கோஹாவின் கதையையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலக அறக்கட்டளை, 2000-ஆம் ஆண்டு பிறந்தால் தங்கள் பழைய மென்பொருள் தாங்காது என்ற நிலையில் புதிதாக ஒன்றை எழுதச் சொன்னது. கட்டிபோ என்ற நிறுவனம் எழுதிக் கொடுத்தது. 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. திறந்த மூல உரிமத்தில் உலகத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. பதிலுக்கு ஒருநாள் நாமும் கொடுப்போம் என்ற எதிர்பார்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. நமக்கு இதை விளக்கவே வேண்டாம், இது மொய்தான். நோட்டில் பெயர் எழுதியிருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் போயாக வேண்டும்.

எங்கள் நிரலையும் சொற்பட்டியலையும் தமிழில் குறிப்பு எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறோம். போன மாதம் இன்னொரு நூலகத்திலிருந்து, நாங்கள் தவறவிட்ட 'ர' பிழைகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நூலகத்திலும் கோஹா ஓடுகிறது என்றால் ஆசிரியர் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரே பெயர் இரண்டு முறை நின்றால் எனக்கு எழுதுங்கள்.