குமரி மணலின் நிறம்

குமரிமுனை மணலின் பல நிறங்களுக்கு முக்கடல் நீர் கலப்பதே காரணம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வளர்ந்தவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அந்த நிறங்கள் மலையிலிருந்து வருபவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பழைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைய, அத்துகள்களை ஆறுகள் கடலில் சேர்க்க, முறத்தில் அரிசி புடைப்பதைப் போல அலைகள் அவற்றைக் கனத்துக்கேற்பப் பிரிக்கின்றன. தண்ணீரைப் போல் 2.65 மடங்கு அடர்த்தியுள்ள வெண்ணிறக் குவார்ட்ஸ் மணலைப் பின்வாங்கும் அலை எளிதில் இழுத்துச் சென்றுவிடும். ஏறத்தாழ 4 மடங்குள்ள செந்நிறக் கார்னெட், 4.7 மடங்குள்ள கரிய இல்மனைட் ஆகிய கனிமங்கள் பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிடும். ஆடி மாதப் பேரலைகள் ஓய்ந்தபின் கருமணல் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும். ஒரு கை அள்ளினால், இவ்வளவு மணலுக்கா இத்தனை கனம் என்று வியப்பாக இருக்கும். தோரியம் என்ற கதிரியக்க உலோகம் கலந்த மோனசைட் கனிமமும் இதே மணலில்தான் உள்ளது. குமரியம்மனின் திருமணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியே மணலானது என்று என் பாட்டி சொல்வார். அக்கதையைக் கதையாகவே சேர்த்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் கட்டுரை என்பதால், கடல்நீர் பற்றிய வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.