மினி டிராக்டர் வழுக்காமல் இருக்க டயர் மேல் போர்த்துகிற டயர் சங்கிலியை, ரிம் சைஸ் மட்டும் கேட்டு விற்கிற மகராசன்களே!

"ரிம் எத்தனை இஞ்ச் சார்?"

"இருபத்தி நாலு."

"அப்ப இது கரெக்டா உக்காரும் சார், எடுத்துட்டுப் போங்க."

முடிந்தது வியாபாரம். டயர் அகலம் என்ன, பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டைகள்) எவ்வளவு தேய்ந்திருக்கிறது, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே எத்தனை விரல் நுழையும், வண்டி எந்த மண்ணில் வழுக்குகிறது? ஒரு கேள்வி கிடையாது. புதுப்பேட்டையில் கேட்டாலும் இதே கதை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டாலும் இதே கதை. ஆன்லைனில் கேட்கவே வேண்டாம், "எல்லா மினி டிராக்டருக்கும் பொருந்தும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பத்து ரூபாய் வளையல் வாங்கினால்கூட கையைப் பிடித்து அளவு பார்க்கிற ஊர் இது.

24 என்பது ரிம் சைஸ். சங்கிலி உட்காருவது ரிம் மேலா, டயர் மேலா? 8.3-24 டயருக்கும் (முதல் எண் டயர் அகலம்) ரிம் 24தான், 9.5-24 டயருக்கும் ரிம் 24தான். ஆனால் உயரத்தில் இரண்டுக்கும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரும். அதைச் சுற்றளவாக்கினால் ஐந்து அங்குலம். ஐந்து அங்குலம் குறைந்த சங்கிலி கொக்கியே மாட்டாது. ஐந்து அங்குலம் கூடினால் ஓடும்போது தொங்கி மட்கார்டைத் தட்டும். இதற்கு மேல் தேய்மானக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதே இல்லை. பட்டன் அரை அங்குலம் தேய்ந்தால் டயர் விட்டம் ஒரு அங்குலம் இறங்கும், சுற்றளவு மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கும். புது டயருக்கு எடுத்த சங்கிலி இரண்டு வருஷம் கழித்து ஏன் லூசாகிறது என்று சங்கிலியைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் டயரைக் குனிந்து பாருங்கள்.

ஆகவே கடைக்குப் போகும்முன் தையல்காரர் டேப்பை எடுங்கள். டயரின் நடுக்கோட்டில், பட்டன் மேலேயே சுற்றி ஒரு அளவு. ஒரு பக்கத் தோளிலிருந்து மறுபக்கத் தோள்வரை பட்டன் மேல் வளைத்து இன்னொரு அளவு. பக்கச்சுவரில் அச்சடித்த நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டயருக்கும் மட்கார்டுக்கும், உள்பக்கம் டயருக்கும், கலப்பை மாட்டுகிற இழுவைக் கம்பி பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற செக் செயினுக்கும், பிரேக் கூட்டுக்கும் உள்ள இடைவெளி. சுற்றிலும் இரண்டு அங்குலம் இருந்தால் நிம்மதி. ஒன்றரைக்குக் கீழே என்றால் சங்கிலியை மறந்துவிடுங்கள், அல்லது சக்கரத்தை வெளியே தள்ளுங்கள். பெரும்பாலான மினி டிராக்டரில் பின் ரிம்மைத் திருப்பிப் போட்டு அகலம் கூட்டிக்கொள்ளலாம். அப்படித் திருப்பும்போது டயர் பட்டனின் திசையும் திரும்பிவிடும், அதனால் இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றியே போட வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் அம்புக்குறி மாதிரி மேல்நோக்கிக் கூர்ந்திருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் சேறு வெளியே தள்ளப்படாமல் நடுவில் அடைந்துகொள்ளும். இதைக்கூடக் கவனிக்காமல் டயர் மாற்றித் தருகிற பஞ்சர் கடைகள் இருக்கின்றன, கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான்ணே" என்பார்கள்.

சரி, அளவு கிடைத்தாயிற்று. இப்போது என் உண்மையான வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்தச் சங்கிலி வீடியோக்கள் எல்லாம் எந்த ஊரில் எடுத்தது? முழங்கால் அளவு பனி கொட்டுகிற ஊரில். மெட்ராஸில் பனி என்றால் மார்கழிக் காலையில் ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்க வைக்கிற ஈரம், அவ்வளவுதான். பனிக்கட்டியும் ஐப்பசி மழையில் ஊறிய களிமண்ணும் ஒன்றா? வழுக்கல் ஒன்றுபோலத் தெரியும், காரணம் வேறு.

சங்கிலி வேலை செய்ய அடியில் கெட்டியான தரை வேண்டும். மேலே மெல்லிய வழுக்கல், கீழே கடினம் என்று இருந்தால் குறுக்குச் சங்கிலி அந்த வழுக்கலை வெட்டி உள்ளே இறங்கிக் கெட்டித் தரையைக் கவ்வும். செங்குன்றம் பக்கத்து நனைந்த செம்மண் பாதை, வண்டலூர் பக்கம் சரளை போட்ட பண்ணை வழி, ஏரிக்கரைச் சரிவில் ஈரப்புல், இங்கெல்லாம் சங்கிலி போடு, காசுக்கு வேலை செய்யும். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து நெல் வயலில் போட்டுப் பார். நாலு சுற்று சுற்றுவதற்குள் சங்கிலிக் கண்ணிகளுக்குள் களி அப்பிக்கொண்டு, டயர் வழவழப்பான உருளையாக மாறி நிற்கும். டிராக்டர் டயரின் பட்டன்கள் ஓடும்போதே சேற்றை உதறித் தள்ளும்படி வடிவமைத்தவை. அதன் மேல் சங்கிலியைப் போர்த்தி, அது செய்கிற ஒரே நல்ல காரியத்தையும் கெடுத்துவிடுகிறோம்.

உங்கள் மண் எந்த வகை என்று குத்திப் பார்க்க ஒரு கடப்பாரை போதும், எந்த நிபுணரும் வேண்டாம். மூன்று நாலு அங்குலத்தில் 'ணங்' என்று நின்றால் சங்கிலி. முழங்கை அளவு சத்தமில்லாமல் இறங்கினால் கேஜ் வீல், அதாவது இரும்புக் கூண்டுச் சக்கரம். உழவுக்கும் சேற்றடிக்கும் நம் ஆட்கள் காலங்காலமாக அதைத்தானே போடுகிறார்கள்? டயரோடு சேர்த்துப் பூட்டுகிற அரை கேஜே மினி வண்டிக்குத் தாராளம். அதை மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் ஏறக்கூடாது என்பது ஊரறிந்த சங்கதி, சங்கிலிக்கும் அதே சட்டத்தை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தாரும் கிழியும், குறுக்குச் சங்கிலியும் சோப்பு மாதிரித் தேயும். ஈ.சி.ஆர். ஓரத்து மணலா? சங்கிலி, கேஜ் இரண்டுமே வேண்டாம். மணலில் சங்கிலி தோண்டும், வண்டி தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டு அச்சுவரை உட்காரும். அங்கே கையேடு அனுமதிக்கிற அளவுவரை காற்றைக் குறைத்து டயரைப் பரப்புவதுதான் வழி.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. ரோட்டில் ஓட்டுவதற்கு ஏற்றின அதே காற்றோடு வயலில் இறக்கிவிட்டு "பிடிமானமே இல்ல" என்று சங்கிலிக் கடையைத் தேடுகிறவர்களை என்ன சொல்வது! கல்லு மாதிரி இறுகின டயரில் பாதிப் பட்டன் தரையையே தொடாது. வயல் வேலைக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 பி.எஸ்.ஐ.க்குள்தான் வரும், உங்கள் டயருக்கான எண் கையேட்டிலேயே இருக்கிறது.

அடுத்தது எடை. இலவசமாகக் கிடைக்கிற எடை, தண்ணீர். 8.3-24 டயரில் முக்கால் பாகம் நிரப்பினால் கிட்டத்தட்ட 70 லிட்டர் போகும், இரண்டு டயருக்கும் சேர்த்து 140 கிலோ. சங்கிலி விலையில் கால்வாசிகூட ஆகாது. பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, வால்வு உச்சிக்கு வருமாறு சக்கரத்தைத் திருப்பி, வால்வு ஊசியைக் கழற்றி, ஹோஸைச் செருகு. அவ்வப்போது ஹோஸை எடுத்து உள்காற்றை வெளியே விடு. வால்வு வழியாகத் தண்ணீர் திரும்பி வழிந்தால் முக்கால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஊசியைப் போட்டுக் காற்றேற்று. கால்சியம் குளோரைடு கலக்கச் சொல்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு அதைத் தேடி அலையாதீர்கள், அது தண்ணீர் உறைந்துபோகிற ஊர்க்காரர்களுக்கு. இங்கே கலந்தால் எடை கொஞ்சம் கூடும், கூடவே ரிம்மும் துருப்பிடிக்கும்.

இவ்வளவும் செய்தபிறகு சங்கிலி தேவையா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டயரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு சக்கரம் பத்துச் சுற்று சுற்றுகிற தூரத்தைக் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அதே தூரத்தைக் கலப்பை இறக்கி ஓட்டிச் சுற்றை எண்ணுங்கள். பதினொன்றரை வந்தால் வழுக்கல் 13 சதவீதம், அது ஆரோக்கியம். 10 முதல் 15 வரை இருக்கத்தான் வேண்டும், சுத்தமாக வழுக்காத வண்டி தேவைக்கு மேல் எடை சுமக்கிறது. பதின்மூன்று சுற்று வந்தால் 23 சதவீதம். டீசலையும் டயரையும் மண்ணில் தேய்க்கிறீர்கள், அப்போது ஏதாவது செய்தே ஆகவேண்டும்.

சங்கிலிதான் என்று முடிவாகிவிட்டால் ஏணி மாதிரிக் குறுக்குக் கம்பிகள் தூரதூரமாக இருப்பதை வாங்காதீர்கள். அது தட்டையான லோடர் டயருக்கும் புல்வெளி டயருக்கும் சரி. நம் வயல் டயரில் அந்தக் குறுக்குச் சங்கிலி இரண்டு பட்டனுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், தரையைத் தொடாது. இரண்டு கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி, இல்லையேல் வலைப்பின்னல் மாதிரி இருப்பது வேண்டும். கம்பி 7 அல்லது 8 மில்லி, பதம் ஏற்றிய இரும்பு. அரம் வைத்து ஒரு தேய் தேய்த்துப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி இழுத்தால் அது கிணற்றுச் சங்கிலி, டயர் சங்கிலி இல்லை. ஒரே ஜோடிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பின் சக்கரத்துக்கு. ஃபோர் வீல் வண்டிதானே என்று முன்னால் மட்டும் போட்டால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது, முன் சக்கரங்களைத் திருப்புகிற டை ராடில் அடிக்கக்கூடும்.

மாட்டுவதற்கு என்று பெரிய வித்தை இல்லை. தரையில் விரித்து முறுக்கெடுத்து, கொக்கியின் வாய் டயரைக் குத்தாமல் வெளியே பார்க்கும்படி மேலே போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கம். நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி இறங்கிப் பாருங்கள், ஓரிரு கண்ணி நிச்சயம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கத்தைத் தவிர்க்கிறவர்கள்தான் பிரேக் கூட்டைச் சுரண்டிக்கொள்கிறார்கள். மிச்சம் தொங்கும் கண்ணியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வண்டி புதைந்ததும் பின் சக்கரங்களுக்குக் குறுக்கே ஒரு கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்னால் எடுக்கச் சொல்லும் 'அனுபவசாலி' எல்லா ஊரிலும் ஒருத்தர் இருப்பார். கட்டை மண்ணில் சிக்கிச் சக்கரம் நின்றால், சுழற்சி முழுக்க வண்டியின் உடம்புக்குப் போகும். மூக்கு தூக்கும், கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டுநர் மேல் மல்லாந்து விழும். பின்னோக்கி எடு, அல்லது இன்னொரு வண்டியை வைத்து இழு. இரண்டு பின் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டுகிற டிஃப் லாக்கையும் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது மிதிக்காதே. நின்று, மிதித்து, நேராக மட்டும் நகர்த்து. பல் உடைந்தால் செலவு சங்கிலி விலையைப் போலப் பல மடங்கு.

கடைசியாக அந்த ரிட்டர்ன் கூத்து. பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் "கீறல் விழுந்திருக்கு சார், யூஸ் பண்ணிட்டீங்க" என்பார்கள். மாட்டிப் பார்க்காமல் பொருந்துமா என்று எப்படித் தெரியும், மாட்டினால் கீறல் விழாமல் எப்படி இருக்கும்? அதனால் கடை வாசலிலேயே டேக் கட்டைப் பிரிக்காமல் சாக்கைத் தரையில் விரித்து, அதன் மேல் சங்கிலியை நீட்டிப் போடுங்கள். பக்கச் சங்கிலியின் நீளத்தையும் குறுக்குச் சங்கிலியின் நீளத்தையும் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த எண்களோடு டேப்பால் ஒப்பிடுங்கள். பக்கச் சங்கிலி டயரின் தோளுக்குக் கீழே ஓடுவதால் நடுக்கோட்டுச் சுற்றளவைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறுக்குச் சங்கிலிதான் தோளுக்குத் தோள் அளவைத் தாண்டி இருபக்கமும் கொஞ்சம் இறங்க வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.