அமேசான் பணியாளர் எண்ணிக்கை: ஒரு திருத்தம்

2012-இல் கிடங்கு ரோபோக்களைத் தயாரித்த கிவா நிறுவனத்தை வாங்கிக் கிடங்குகளில் ரோபோக்களை இறக்கியதிலிருந்து அமேசானின் பணியாளர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருவதாகச் சிலர் சொல்வதுண்டு. நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுவது வேறு: 2012 இறுதியில் சுமார் 88,400 பேராக இருந்த முழுநேர, பகுதிநேரப் பணியாளர்கள் 2023 இறுதியில் ஏறத்தாழ 15,25,000 பேர். இடையில் 2021-இல் இருந்த 16,08,000 பேரிலிருந்து சற்றுக் குறைந்தது உண்மைதான். அதைத் தொடர் சரிவு என்று சொல்ல இயலாது. இது கிடங்குகளுக்கு மட்டுமான கணக்கன்று, எல்லாப் பிரிவுகளும் அடங்கியது. அலமாரியின் அடியில் நுழைந்து அதை அப்படியே தூக்கிவரும் அந்த ரோபோக்கள் பணியாளரின் நடையைத்தான் குறைத்தன. பொருளைக் கையால் எடுத்துவைக்க ஆள் தேவைப்பட்டது. ஐயமிருப்பவர்கள், அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எட்கர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் 10-கே எனப்படும் ஆண்டறிக்கைகளைத் திறந்து, முதற்பகுதியில் பணியாளர்களைப் பற்றிய பத்தியை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.